குழவி நாவும் மெய்ம்மயக்கமும்

தமிழ்க் குழவி ஒன்று 'பந்து' என்பதைப் 'பத்து' என்கின்றது; 'தேங்காய்' என்பதைத் 'தேக்காய்' என்கின்றது; 'வாழ்த்து' என்று சொல்லச் சொன்னால் 'வாத்து' என்கின்றது. வீடே சிரித்து மகிழ்கின்றது. அதே குழவி மூன்றகவை நிரம்பி ஆங்கிலப் பள்ளி வாயிலில் நின்று, 'ஸ்கூல்' என்பதைக் 'கூல்' என்றோ 'இசுகூல்' என்றோ சொல்லிவிட்டால், அதே வீடு கலங்குகின்றது. பள்ளியார் முகஞ் சுளிக்கின்றனர். பிள்ளைக்கு நாத் திருந்தவில்லை என்று குறிப்பு எழுதியனுப்புகின்றனர். தாய் மருத்துவரை நாடி ஓடுகின்றாள். (ஒலி விளங்குதற்பொருட்டே இக்கட்டுரையிற் சிற்சில இடங்களில் அயலெழுத்து இடப்பெற்றது. அன்பர்கள் பொறுத்துக்கொள்க.)

இரண்டிடத்தும் நிகழ்ந்தது ஒன்றே. மெய்யோடு மெய் அடுத்து வருமிடத்தில் இளநா தன்னால் இயன்றதைச் செய்தது. அங்ஙனமாயின், முன்னதை மழலையென்றும் பின்னதைக் குறையென்றும் தீர்ப்பளித்தது யார்? எவ்வளவுகோல் கொண்டு அளந்து அளித்தது? இவ்வினா மொழிப்பற்றாளர் தம்முள் உசாவிக்கொள்ளும் வெறும் வினாவன்று. குறையில்லாக் குழவிக்குக் குறைப்பெயர் சூட்டப்படுவதும், குறையுள்ள குழவி கைவிடப்படுவதும் இவ்வளவுகோலைப் பொறுத்தே நடக்கின்றன. ஆகலின் இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

மழலையின் ஒழுங்கு

மழலை என்பது ஒழுங்கற்ற உளறலன்று. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. இரு மெய்களை இடையில் உயிரின்றி ஒலிக்க வேண்டுமாயின், ஒரு மெய்க்குரிய நிலையினின்று மறு மெய்க்குரிய நிலைக்கு நாவும் இதழும் அண்ணமும் இமைப்பொழுதிற் பெயர்தல் வேண்டும். பேசக் கற்கும் குழவிக்கு அஃது அரிய செயல். எனவே அது நான்கு வழிகளுள் ஒன்றை மேற்கொள்கின்றது.

ஒரு மெய்யை விட்டுவிடுதல் முதல்வழி. ஆங்கிலக் குழவி 'ஸ்பூன்' என்பதைப் 'பூன்' என்பதும், 'ப்ளே' என்பதைப் 'பே' என்பதும் இவ்வகை. இரு மெய்க்கும் இடையில் ஓர் உயிரைச் செருகுதல் இரண்டாம் வழி. 'ப்ளூ' என்பது 'பெலூ' ஆவது இவ்வகை. அரிய மெய்க்கு மாற்றாக எளிய மெய்யை இடுதல் மூன்றாம் வழி. இரு மெய்யின் இயல்பும் கலந்த வேறொரு மெய்யை ஒலித்தல் நான்காம் வழி. 'ஸ்விம்' என்பது 'ஃபிம்' ஆவது இவ்வகை.

எம்மெய் விடப்படும் என்பதிலும் ஒழுங்குண்டு. காற்றை முற்றத் தடுத்து வெடிக்கவிடும் மெய் பெரும்பாலும் எஞ்சி நிற்கும். காற்றொலி மிக்கதும் உயிரை அடுத்த இயல்புடையதும் மறையும். 'ஸ்பூன்' என்பதிலும் 'ப்ளே' என்பதிலும் எஞ்சுவது பகரமே. நம் குழவியின் சொற்களையும் இதனோடு ஒப்புநோக்குக. 'பந்து' என்பதில் மெல்லினம் போயிற்று, வல்லினம் நின்றது. 'வாழ்த்து' என்பதில் இடையினம் போயிற்று, வல்லினம் நின்றது. மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என முக்கூறாகப் பகுத்த நம் முன்னோர் பகுப்பு, இக்கால ஒலியியலார் கண்ட இவ்வரிசையோடு பெரிதும் பொருந்தி நிற்றல் காண்க.

குழவி தவறாகச் சொல்வது, தவறாக அறிந்ததனாலன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய பெர்க்கோவும் பிரௌனும் 1960-இல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினர். மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' என்னும் சொல்லை அவன் 'ஃபிஸ்' என்றே சொல்வான். பெரியவர் ஒருவர் அவனைப்போலவே 'ஃபிஸ்' என்று சொன்னபோதோ, அவன் அதனை மறுத்தான். அவர் திருத்தமாகச் சொன்ன பின்னரே உடன்பட்டான். உடன்பட்டுத் தான் மீண்டும் 'ஃபிஸ்' என்றான்! செவி அறிந்ததை நா எட்டவில்லை, அவ்வளவே. 1980-இல் மாக்கன், பார்ட்டன் என்னும் இருவர் ஆங்கிலக் குழவியரின் ஒலிகளைக் கருவி கொண்டு அளந்தனர். ககரத்தையும் அதன் எடுப்பொலியையும் போன்ற இணைகளைச் சில குழவியர் வேறுபடுத்தி ஒலித்தும், அவ்வேறுபாடு மிக நுண்ணிதாகலின் பெரியோர் செவிக்கு எட்டவில்லை என்று கண்டனர். 'பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் ஆசிரியரும் இவ்விரு செய்தியையும் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். கடிதலால் நா திருந்தாது. பேச அஞ்சும் பிள்ளையே உருவாகும்.

மொழிக்கு மொழி நாவழக்கு வேறு

இனித் தமிழின் இயல்பை நோக்குவோம். தமிழ்ச்சொல் எதுவும் தனிமெய்யைக் கொண்டு தொடங்குவதில்லை. உயிரோ உயிர்மெய்யோதான் மொழிமுதலில் நிற்கும். எனவே சொன்முதலில் இரு மெய் இணைந்து வருதல் தமிழில் அறவே இல்லை. இடையிலும் எம்மெய்யோடு எம்மெய் மயங்கும் என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபில் வரையறுத்துள்ளார். க, ச, த, ப என்னும் நான்கும் தம்மொடு தாம் மட்டுமே மயங்கும். ர, ழ என்னும் இரண்டும் தம்மொடு தாம் மயங்காமல் பிறமெய்யொடு மட்டுமே மயங்கும். மூன்று மெய் தொடர வேண்டுமாயின், முதலில் ய, ர, ழ என்பவற்றுள் ஒன்றே நிற்கும். 'காய்ச்சல்', 'பார்த்தான்', 'வாழ்த்து' என்பன காண்க.

இவ்வரையறையில் ஓர் ஒலியியல் நுட்பம் உண்டு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்னும் இனவெழுத்து மயக்கங்களில் நாவும் இதழும் இடம்பெயர வேண்டுவதேயில்லை. மெல்லினத்திற்கு வைத்த நிலையிலேயே மூக்குவழியை அடைத்து வல்லினத்தை வெளியிடலாம். மேலும், தமிழில் மயங்கும் மெய்கள் ஒரே அசையின் தலையில் நெருக்குண்டு நிற்பதில்லை. 'பந்-து', 'கல்-வி', 'அப்-பா' என முன்மெய் முன்னசையை மூடப் பின்மெய் பின்னசையைத் திறக்கின்றது. ஆங்கிலத்து 'ஸ்ட்ரீட்' என்னும் சொல்லிலோ மூன்று மெய்கள் ஓருயிரின் முன் அடுக்கி நிற்கின்றன. இரண்டும் ஒரே வகைச் சுமையல்ல.

அயற்சொல் வந்தபோது தமிழ் நா என்ன செய்தது? 'ஸ்தலம்' தலமாயிற்று, 'ஸ்தூபி' தூபியாயிற்று, 'ஸ்கந்தன்' கந்தனானான். இவை விடுதல். பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலில் இவ்வாக்கத்திற்கு நெறியே வகுத்தார். ய, ர, ல என்பன பின்மெய்யாக வரின் இடையே இகரமும், ம, வ என்பன வரின் உகரமும் தோன்றும் என்றார். 'வாக்கியம்', 'வக்கிரம்', 'சுக்கிலம்' என்பன இகரம் பெற்றன. 'பதுமம்', 'பக்குவம்' என்பன உகரம் பெற்றன. இது செருகல். மழலையிற் கண்ட முதலிரு வழிகளும் இலக்கண நூலிலேயே இடம்பெற்றிருத்தலை நோக்குக. ஒரு மொழியின் மக்கள் அனைவரும் மேற்கொண்ட ஒழுங்கை ஒரு குழவியிடங் கண்டு நோயென்பது எங்ஙனம் பொருந்தும்?

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததுமன்று. 'ஸ்கோலா' என்னும் இலத்தீனச் சொல்லை இசுபானியர் முன்னுயிர் சேர்த்து 'எசுக்குவேலா' என்றனர். 'ஸ்ட்ரைக்' என்னும் ஆங்கிலச் சொல்லை நிப்பானியர் மெய்தோறும் உயிர் செருகிச் 'சுதொரைக்கு' என்கின்றனர். கங்கைச் சமவெளி இந்தியார் பலர் 'இசுகூல்' என்றே சொல்கின்றனர். பஞ்சாபியர் 'சகூல்' என்கின்றனர். ஆங்கிலேயர் மட்டும் விலக்கா? கத்தியையும் முழங்காலையும் குறிக்கும் 'நைஃப்', 'நீ' என்னும் அவர்தம் சொற்கள் எழுத்தில் ககரத்தோடு தொடங்குகின்றன. அக்ககரத்தை அவர்தம் முன்னோர் ஒலித்தனர். 17-ஆம் நூற்றாண்டளவில் அது நாவினின்று நழுவிற்று. எழுத்தில் மட்டும் எச்சமாக நிற்கின்றது. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து விட்டால் அது மொழி வரலாறு. தமிழ்க் குழவி தனியே விட்டால் அது நாக்குறை! இம்முறை நன்றாயிருக்கிறது.

அளவுகோல் யாருடையது?

ஆங்கிலக் குழவியரிடம் இணைமெய்கள் இரண்டகவை அளவில் தோன்றத் தொடங்குகின்றன. அவற்றை விட்டொலிக்கும் வழக்கம் நான்ககவை அளவிற் பெரும்பாலும் மறைகின்றது. சில அரிய இணைகள் ஏழெட்டு அகவை வரையும் முற்றத் திருந்துவதில்லை. இஃது ஆங்கிலக் குழவியரை ஆங்கிலத்தில் ஆராய்ந்து கண்ட அளவு. அம்மொழிக்கு அது தக்க அளவே. அதனைக் கொண்டுவந்து, வீட்டில் தமிழன்றி வேறு கேளாத குழவியின் நாவில் வைத்து அளப்பதே முறைகேடு.

இதனால் விளையும் தீங்கு இருவகைத்து. தமிழில் இல்லாத சொன்முதல் இணைமெய்களைக் கேட்டுக் குறையில்லாக் குழவிக்குக் குறைகூறுதல் ஒன்று. மற்றொன்று அதனினும் கொடிது. ழகரம், ளகரம், ணகரம், றகரம், ஈரொற்று மயக்கம் ஆகியவற்றை ஆங்கிலத் தேர்வு கேட்பதேயில்லை. ஆகவே தமிழில் மெய்யாகவே இடர்ப்படும் குழவி அத்தேர்வின் வலைக்கண் வழியே நழுவிப்போகின்றது. இல்லாத நோய்க்கு மருந்து. இருக்கும் நோய்க்கு வாளாமை!

வட்டார வழக்கையும் அறியாத அளவுகோல் அளவுகோலாகாது. தென்மாவட்டங்கள் பலவற்றில் 'பழம்' என்பது 'பளம்' என்றே பெரியோர் நாவிலும் ஒலிக்கின்றது. சென்னைப் பக்கத்தில் 'பயம்' என்பாரும் உளர். 'பார்த்தான்' என்பதைப் 'பாத்தான்' என்றும், 'கேட்க' என்பதைக் 'கேக்க' என்றும், 'உட்கார்' என்பதை 'உக்கார்' என்றும் சொல்லாத தமிழ்வீடு அரிது. செந்தமிழ் பயிற்றுதல் பள்ளியின் கடமை. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் தாய் சொல்வதைத் தான் சொன்ன குழவியை நோயாளர் வரிசையிற் சேர்த்தல் அறமாகாது.

2018-இல் மக்லியோடு, குரோ என்னும் இருவர் ஆத்திரேலியாவினின்று ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். 31 நாடுகளில் 27 மொழிகளைப் பேசும் 26,007 குழவியரைப் பற்றிய ஆய்வுகள் அதில் திரட்டப்பெற்றன. ஐந்தகவைக்குள் பெரும்பாலான மெய்கள் எம்மொழிக் குழவிக்கும் வாய்க்கின்றன என்பது அதன் முடிவு. அந்த 27 மொழிகளுள், சில நூறாயிரவரே பேசும் ஐசுலாந்தியம் உண்டு, மால்தீசு உண்டு, சுலோவேனியம் உண்டு. தமிழ் இல்லை! இந்திய மொழி ஒன்றேனும் இல்லை! இதற்காக அவ்விருவர்மேற் குறைகூறல் ஆகாது. திரட்டுவோர்க்குக் கிடைக்கும் வண்ணம் ஆய்ந்து வெளியிடாத நம் பல்கலைக்கழகங்களே நாணத்தக்கவை.

ஒன்றுமே நிகழவில்லை என்றும் சொல்வதற்கில்லை. மைசூரில் 1965-இல் அனைத்திந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் தோன்றியது. 1986-இல் மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்ட ஆய்வாகத் தமிழ் ஒலிப்புத் தேர்வு ஒன்றும் உருப்பெற்றது. எனினும் தமிழ்க் குழவியர்க்கான தேர்வு தமிழகத்திற்கு வெளியே ஒரு மாணவர் ஆய்வாக முகிழ்த்தது என்பதும், ஒவ்வொரு மாவட்டத்துப் பேச்சையும் தழுவிய பேரளவான அடிப்படை அளவை இன்றும் தமிழகத்தில் வேரூன்றவில்லை என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

பயிற்சி எங்ஙனம் அமைதல் வேண்டும்?

முதற்கண் செவி. பேச்சுப் பிந்தும் குழவிக்கு முதலிற் செய்ய வேண்டியது கேள்வித் தேர்வே. கேளாத ஒலி நாவில் வாராது. அடுத்து அண்ணப் பிளவு முதலிய உறுப்புக் குறை உண்டா எனப் பார்த்தல் வேண்டும். நாவில் வசம்பு தேய்த்தலும், தக்கார் ஆய்ந்து சொல்லாமலே நாவடி நரம்பை அறுக்கச் சொல்லுதலும் மருத்துவமல்ல.

பெற்றோர் அறிந்திருக்க எளிய கணக்கொன்று உண்டு. குழவியின் பேச்சு, அயலார்க்கு இரண்டகவையில் ஏறத்தாழப் பாதியும், மூன்றகவையில் முக்காற்பங்கும், நான்ககவையில் ஏறத்தாழ முழுமையும் விளங்குதல் வேண்டும். நான்ககவைக்குப் பின்னும் வீட்டாரன்றிப் பிறர்க்கு விளங்கவில்லையெனில் 'தானே சரியாகும்' என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரை நாடுக. ஒரோவொரு சொல் மழுங்குவது கண்டு நடுங்கவும் வேண்டா.

பயிற்சி தமிழ்ச்சொற்களாலேயே நிகழ்தல் வேண்டும். ஓரொலியால் மட்டும் வேறுபடும் இரு சொற்களைப் படங்களாகக் காட்டிப் பயிற்றும் முறை உலகெங்கும் வழங்குகின்றது. அதற்குத் தமிழில் என்ன குறை? 'பந்து - பத்து', 'கம்பு - கப்பு', 'வாழ்த்து - வாத்து' என இணைகள் எத்துணையோ உள. 'பந்து' வேண்டிய குழவி 'பத்து' என்றால், பத்தென்னும் எண்ணட்டை அதன் கைக்கு வரும். தான் கேட்டது இதுவன்றே என்று குழவியே உணரும். அடுத்தமுறை அந்நகரத்தைத் தேடி நா முயலும். அடியுமின்றி ஏச்சுமின்றிப் பொருள் வேறுபாடே ஆசிரியனாக அமைகின்றது.

இதற்கொரு படிவரிசையும் நம் இலக்கணத்திலேயே கிடைக்கின்றது. 'அப்பா, அக்கா' என்னும் உடனிலை மயக்கம் முதற்படி. 'பந்து, சங்கு' என்னும் இனவெழுத்து மயக்கம் இரண்டாம்படி. 'கல்வி, நட்பு' என்னும் பிற வேற்றுநிலை மயக்கம் மூன்றாம்படி. 'வாழ்த்து, காய்ச்சல்' என்னும் ஈரொற்று மயக்கம் நான்காம்படி. எளியதினின்று அரியதற்கு ஏறுதலே என்றும் சிறந்ததென்று கொள்ளவும் வேண்டா. அரிய இணைமெய்களை முன்னர்ப் பயிற்றின் எளிய தனிமெய்களும் உடன் திருந்தக்கூடும் என அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. எவ்வரிசை தமிழ்க் குழவிக்கு ஏற்றதென்பதைத் தமிழ்க் குழவியரிடமே ஆய்ந்து துணிதல் வேண்டும்.

இன்னொரு கேட்டையும் ஈண்டுக் கண்டித்தாக வேண்டும். பேச்சுப் பிந்திய குழவியின் பெற்றோரை நோக்கி, 'வீட்டில் தமிழை நிறுத்துங்கள். ஆங்கிலம் ஒன்றே பேசுங்கள்' என்று அறிவுரைப்பார் இந்நாட்டில் உளர். இருமொழி கேட்டு வளர்தலாற் பேச்சுக் குறை தோன்றுவதில்லை என்பது இன்று உலகறிந்த முடிவு. இவ்வறிவுரையாற் குழவிக்கு ஆங்கிலமும் வாராது; தாயின் தாலாட்டும் பாட்டியின் கதையும் போய்விடும். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்திற் பேசும் தாய், நாளடைவிற் குழவியோடு பேசுவதையே குறைத்துக்கொள்கின்றாள். பேச்சு வளர வேண்டிய குழவிக்குப் பேச்சையே குறைப்பது எத்தகைய பண்டுவம்?

நம்மவர்க்கும் ஒரு சொல்

இத்துணையும் கேட்டு, 'தமிழ் நாவுக்குக் குறையே இல்லை. எல்லாம் அயன்மொழி செய்த வினை' என்று நம் அன்பர் சிலர் முழங்கக்கூடும். அதுவும் பிழையே. தமிழ் பேசும் குழவியருள்ளும் செவிக்குறையுடையார் உளர், திக்குவார் உளர், ஐந்தகவை கடந்தும் 'பந்து' என்னமாட்டாது இடர்ப்படுவார் உளர். இலக்கணத்தைக் கேடயமாக ஏந்தி அக்குழவியரின் துயரை மறைத்தல், ஆங்கில அளவுகோலால் அளப்பதற்கு ஒப்பான கொடுமையே. 'இசுகூல்' என்னும் குழவிக்குப் பண்டுவம் வேண்டா. 'பள்ளி' என்பதையும் சொல்லமாட்டாத குழவிக்குப் பண்டுவம் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவு.

பெயரிடுவோர்க்கும் ஒன்று கூறுவோம். சொன்முதலிலேயே இருமெய் நெருக்கிய வடமொழிப் பெயர்களைப் புதுமையென்று கருதிச் சூட்டுகின்றனர். அப்பெயரைப் பாட்டியாற் சொல்லவியலாது. சூட்டப்பெற்ற குழவியாலும் மூன்றாண்டு சொல்லவியலாது. தன் பெயரைத் தானே சொல்லி நகையாடப்படும் நிலையைப் பெற்ற பிள்ளைக்கு ஆக்கிவைப்பானேன்? கயல், மலர், எழில், அன்பு, நிலவன், பாரி என எளிய நற்றமிழ்ப் பெயர்கள் நம்மிடம் இல்லையா?

அரசும் அறிஞரும் செய்யத்தக்கன நான்கு:

1. மாவட்டந்தோறும், சிற்றூரிலும் நகரிலும், இரண்டு முதல் ஏழகவை வரையுள்ள தமிழ்க் குழவியரின் ஒலிப்பைத் திரட்டி, எவ்வொலியும் எம்மயக்கமும் எவ்வகவையில் வாய்க்கின்றன என்னும் அடிப்படை அளவை வெளியிடுதல்.

2. அவ்வளவின்மேல், வட்டார வழக்கை மதிக்கும் தேர்வை அமைத்து, எல்லா அரசு மருத்துவமனைகளிலும் வழங்குதல்.

3. பேச்சுப் பயிற்சியாளர் பட்டப்படிப்பில் தொல்காப்பிய நூன்மரபும் மொழிமரபும் பிறப்பியலும், இக்கால ஒலியியலோடு இணைத்துப் பாடமாக வைத்தல்.

4. குழவியர் நடுவப் பணியாளரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும், மழலை எது, குறை எது என அறியப் பயிற்சியளித்தல். 2013-இல் நடுவணரசு தொடங்கிய சிறார் நலத்திட்டத்தில் மொழி வளர்ச்சித் தாழ்வும் கண்டறியப்பட வேண்டியவற்றுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதனைத் தமிழளவு கொண்டு அளந்தாலன்றித் தமிழ்க் குழவிக்கு அதனாற் பயனில்லை.

மொழிப்பற்று, மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. பேச இயலாது தவிக்கும் ஒரு குழவியின் முன் அமர்ந்து, அதன் தாய்மொழியிலேயே அதன் நாவை மெல்ல மெல்லத் திறக்கும் பணியும் மொழிப்பணியே. தமிழிளைஞரே! மருத்துவம், பொறியியல் என்று ஒரே வழியில் முட்டி மோதாது, இத்துறைக்கும் வருக. தமிழிலக்கணம் கற்றுக்கொண்டு வருக. தமிழைப் பேச முயன்றும் பேசவியலாத குழவியர் பலர், தம் மொழி அறிந்த ஒருவர் வரவுக்காகக் காத்திருக்கின்றனர்.